உப்புக் கரிக்காத தட்டு

காதர் மைதீன் ஆள்காட்டி விரலை மூன்றாவது தட்டில் நனைத்து நாக்கில் வைத்ததும் கோகிலா போட்ட கூச்சலில், வேலியில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

"சோதனைப் பொருளை யாராவது வாயில வைப்பாங்களா? அதுதான் எங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்த முதல் விதி!"

"நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல பாப்பா, அந்த விதி என்னைக் கட்டாது" என்றான் காதர் மைதீன். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஐயா, இது எந்தத் தட்டு?"

"கெட்டி உப்பு நீர்" என்றேன். "கடல் நீரைக் காய்ச்சிப் பாதியாக்கியது."

"என் மாமியார் வெக்கிற ரசம்கூட இதுக்கு மேல கரிக்கும். இது பச்சைத் தண்ணி."

கோகிலா குனிந்து தட்டைப் பார்த்தாள். மூன்று வாரமாக இந்தத் தட்டுகளைக் காவல் காத்தவள் அவள். அளந்தாள், மூடினாள், குறித்தாள். ஆனால் விதிக்குக் கட்டுப்பட்டு ஒரு நாளும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் விதியை மீறுகிறவர்கள் பிறப்பதில்லை. அன்றைக்கு அதுவே எங்களுக்கு வினையாக வந்திருந்தது.

விஷயம் இதுதான். கோகிலா என் தம்பி மகள். சண்டை வருவதற்கு முன்பு ரசாயனம் படித்துக்கொண்டிருந்தவள். ஜப்பான்காரன் வந்ததும் பள்ளி மூடிவிட்டது. படிப்பை இவள் மூடவில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு, ஒரே அளவான நான்கு பீங்கான் தட்டுகளை வரிசையாக வைத்தாள். முதல் தட்டில் கிணற்று நீர். இரண்டாவதில் கடல் நீர். மூன்றாவதில் காய்ச்சிக் கெட்டியாக்கிய உப்பு நீர். நான்காவதில் பனைவெல்லம் போலக் கறுத்திருக்கும் குலா மலாக்காவைக் கரைத்த நீர். எது எவ்வளவு வேகமாக ஆவியாகிறது என்பது அவள் ஆராய்ச்சி. கரைசல் கெட்டியாக ஆக, காய்வது மெதுவாகும். உப்பு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பது அவள் வாதம்.

இதில் யாருக்கு என்ன என்று கேட்கலாம். ஊரில் உப்பு இல்லை. செமாபோக் பக்கத்துக் கடலோரத்தில் ஜப்பான்காரர்கள் புதிதாக ஓர் உப்பளம் வெட்டியிருந்தார்கள். அதன் அதிகாரி மொரிதா என்பவர், பாத்திகளில் உப்பு சரியாக விளையவில்லை என்று, கணக்குத் தெரிந்த ஓர் உதவியாளரைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைக்கிற வீட்டில் ஓர் ஆண்மகனையும் உப்பளத்திலேயே வேலைக்கு வைத்துக்கொள்வார். அப்படி வைத்துக்கொண்டால் அவனைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்ற மாட்டார்கள். கோகிலாவின் தம்பி கணேசமூர்த்தியின் பெயர் சயாம் பட்டியலில் வந்துவிட்டது. மறுநாள் காலையில் அவன் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பி வரவில்லை.

மொரிதா முன்பு ஒரு முறை வந்து பார்த்தார். கெட்டி உப்பு நீர், கிணற்று நீரோடு போட்டி போட்டுக்கொண்டு குறைந்திருந்தது. "நீ சொன்னது பொய்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று பிற்பகல் கடைசி முறையாக வருகிறார். இன்றைக்கும் தட்டு அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"பூனையாக இருக்குமோ?" என்றேன். தட்டுகளின் மேல் கம்பி வலைக் கூண்டு கவிழ்த்திருந்தது.

"கூண்டைத் தூக்கி, உப்புத் தண்ணிய எடுத்துட்டு, நல்ல தண்ணிய அதே அளவுக்கு ஊத்தி, திரும்ப மூடி வெச்சிட்டுப் போற பூனையா? அப்படி ஒரு பூனை இருந்தா ஐயா, அதையே உப்பளத்துல வேலைக்கு வெக்கலாம்."

காதர் மைதீன் மலாக்கா நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோகும் பியூனாக இருந்தவன். நான் அதே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். நீதிமன்றம் மூடிப் போன பிறகு ஊரார் தங்கள் வழக்குகளை என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கோழி காணாமல் போனாலும் ராஜரத்தினம் ஐயா, கொழுந்தன் காணாமல் போனாலும் ராஜரத்தினம் ஐயா. ஆள் தேடிப் பழகியவன் தேவைப்பட்டதால் இவனைச் சேர்த்துக்கொண்டேன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"கோகிலா, தட்டு கெட்டது எந்தெந்த நாள் என்று நினைவிருக்கிறதா?"

"நல்லா இருக்கு, பெரியப்பா. மூணு தடவை. முதல் ரெண்டு தடவையும் மறுபடி புதுசா உப்பு நீர் காய்ச்சி ஊத்தி வெச்சேன். மூணு தடவையும் முந்தின நாள் சாயங்காலம் சேதுராமன் வந்திருந்தார். நேத்தும் வந்தார்."

நான் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன். சேதுராமன் உப்பளத்துக் குமாஸ்தா. அந்த வேலையைத் தன் அக்காள் மகனுக்கு வாங்கித்தரத் துடித்துக்கொண்டிருப்பவர். இதற்கு மேல் துப்பு எதற்கு?

"சைக்கிளை எடு."

"எடுக்கிறேன். ஆனா டயர் டயரா இல்ல ஐயா. உள்ள கயிறு திணிச்சிருக்கேன். உங்க கௌரவத்துக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்."

பின்னிருக்கையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பண்டார் ஹிலிர் வரை ஒவ்வொரு கல்லும் என்னைத் தனித்தனியாக விசாரித்தது. இரண்டு வாரமாக மழையில்லை. தெருவே புழுதியாக எழுந்து வந்தது.

சேதுராமன் அங்கே ஒரு காப்பிக்கடையில் இருந்தார். காப்பி என்று பெயர். உள்ளே வறுத்த சோளம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உட்காருங்க ஐயா. என்ன சாப்பிடுறீங்க?"

"சாப்பிட வரவில்லை. நேற்று எங்கள் வீட்டுக்கு எதற்கு வந்தீர்?"

"பிள்ளைய விசாரிச்சிட்டுப் போகலாம்னு."

"எங்க பிள்ளைய விசாரிக்க நாங்க இருக்கோம்" என்றான் காதர் மைதீன். "நீங்க உங்க அக்கா மகனை விசாரிங்க. ஏழு பெருக்கல் எட்டு எத்தனைன்னு கேளுங்க."

சேதுராமனுக்கு முகம் சிவந்தது. "நேரா சொல்றேன் ஐயா. அந்தப் பொண்ணு தோக்கணும்னுதான் தினமும் சாமிகிட்ட வேண்டிக்கிறேன். எங்க பையனும் பட்டியல்ல இருக்கான். வேண்டிக்கிறது குத்தமா?"

பேச்சை மாற்றினேன். "அந்தத் தட்டுகளை எங்கே பார்த்தீர்?"

"தட்டா? கண்ணாடிக் குடுவைன்னு இல்ல நெனச்சேன்! எங்க பாக்க விட்டாங்க? உங்க தங்கச்சி மூணு தடவையும் என்னை முன்வாசல்லயே நிறுத்திட்டாங்க. குடிக்கத் தண்ணி கேட்டேன். அதையும் படியிலயே குடுத்தாங்க. பொண்ணை நாலு வார்த்தை புகழ்ந்தாலாவது உள்ள விடுவாங்கன்னு பாத்தேன். 'இப்படி ஒரு மூளை மலாக்காவிலேயே கிடையாது'ன்னேன். அந்தம்மா பாத்த பார்வையில நான் பாதி ஆவியாயிட்டேன்."

பொய் சாட்சி தேவைக்கு மேல் விவரம் சொல்வான். இவருக்குத் தட்டா குடுவையா என்பதே தெரியவில்லை. என் தங்கை கமலவேணி வாசலில் நிறுத்தினால், எமனே வந்தாலும் அங்கேதான் நிற்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

வெளியே வந்தோம்.

"அவர் இல்லை" என்றேன்.

"அவர் வந்தா தட்டு கெடுது. அவர் கெடுக்கல. அப்ப அவர் கூட ஒரு ஆவி வருதா ஐயா?"

"ஓட்டு."

சூரியன் உச்சியில் இருந்தது. மொரிதா மூன்று மணிக்கு வருவார். டோக்கியோ கடிகாரப்படி மூன்று, எங்கள் சூரியனுக்கு ஒன்றரை. ஊருக்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்தவர்கள், தாமதமாக மட்டும் வருவதில்லை.

எங்கள் தெரு திரும்பும் முச்சந்தியில் காதர் மைதீன் திடீரென்று சைக்கிள் ஹேண்டிலை ஒடித்தான். நான் கோட்டும் தடியுமாகக் கீழே இறங்க நேர்ந்தது. விழுந்தேன் என்று அவன் பிறகு ஊரெல்லாம் சொன்னது மிகை.

"கண் தெரியவில்லையா உனக்கு?"

"நல்லா தெரியுது. அதனாலதான் ஒடிச்சேன். கீழ பாருங்க, மொளகா கெடக்கு. யாரோ திருஷ்டி கழிச்சுக் கொட்டியிருக்காங்க. அதை மிதிக்கச் சொல்றீங்களா? நாங்க ஓதி ஊதுவோம், நீங்க சுத்திப் போடுவீங்க. கண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சாக்கடையின் மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகையின் ஓரம் அது. வற்றல் மிளகாய்கள் வெயிலில் சுருண்டு கிடந்தன. போகிற வருகிற சைக்கிளும் மாட்டுவண்டியும் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருந்தன. புழுதியில் தடங்கள் வளைந்து வளைந்து விலகியிருந்தன. மிளகாய்களைச் சுற்றி, சிமெண்டின் மேல், வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வட்டங்கள். ஓரங்கள் கோலமாவுக் கோடு போல இருந்தன.

குனிந்தேன். விரலில் ஒற்றினேன். நாக்கில் வைத்தேன்.

"ஐயா! விதி!" என்று அலறினான் காதர் மைதீன்.

உப்பு.

"காதர், இந்த ஊரில் இன்றைக்குத் திருஷ்டிக்குக் கொட்ட யார் வீட்டில் உப்பு இருக்கிறது?"

அவன் வாயைத் திறந்தான். திறந்த வாய் சற்று நேரம் அப்படியே இருந்தது. என்னை நம்பலாம், அது அபூர்வமான காட்சி.

"ரேஷன்ல கைப்பிடி குடுக்கிறான்" என்றான் மெதுவாக. "அதைக் கொட்டறவன் பைத்தியக்காரன். ஆனா கரைஞ்ச உப்பு ஒரு தட்டு நெறைய இருந்தா..."

"தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது. உப்பு போகாமல் இங்கேயே உட்கார்ந்து நமக்காகக் காத்திருக்கிறது. மூன்று வட்டம். சேதுராமன் வந்தது மூன்று முறை."

"அவர் புகழ்ந்தார்" என்றான் காதர் மைதீன்.

"புகழ்ந்தவர் கண்ணை யாரோ கழித்திருக்கிறார்கள்."

நினைவு வந்தது. வந்ததும் என் காது இரண்டும் சுட்டன. முந்தின நாள் அந்தி மயங்கும் வேளையில் கோகிலாவையும் கணேசமூர்த்தியையும் என்னையும் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, ஒரு கிண்ணத்தை எங்கள் தலையைச் சுற்றி மூன்று முறை எடுத்துக்கொண்டு போனாள் கமலவேணி. அவள் வாரம் ஒரு முறை எதையாவது சுற்றுவாள். கோகிலா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் சுருட்டைக் கீழே வைக்கவில்லை. தேடிய சாட்சியம் என் தலையையே மூன்று முறை சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. கிண்ணத்தில் என்ன என்று ஊர் வழக்கெல்லாம் தீர்க்கிற நான் கேட்கவில்லை.

"யாரிடமும் சொல்லாதே" என்றேன்.

"கையில சம்மன் இருந்தாகூட சொல்ல மாட்டேன் ஐயா" என்றான். ஆனால் தோள்கள் குலுங்கின.

கமலவேணி அடுக்களையில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் கணேசமூர்த்தியின் துணிமூட்டை, நேற்றே கட்டி வைத்தது. கேட்டதும் மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான் எடுத்தேன். கல்லுப்புக்கு நான் எங்க போவேன், சொல்லுங்க அண்ணே! அந்த மனுஷன் வாசல்ல நின்னு எச்சில் ஒழுக ஒழுக 'என்ன மூளை, என்ன மூளை'ன்னான். பிள்ளைக்கு இன்னிக்குப் பரீட்சை மாதிரி ஒண்ணு இருக்கு. நான் பாத்துக்கிட்டு இருப்பேனா?"

"அது அவள் ஆராய்ச்சி!"

"ஆராய்ச்சிய யார் தொட்டா? தண்ணிய எடுத்தேன், குறையாம தண்ணிய ஊத்தி வெச்சேன். கோடு வரைக்கும் சரியா ஊத்தினேன். வேணும்னா அளந்து பாருங்க."

கோகிலா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தை, எனக்காகவா?"

"உனக்காக இல்லாம, அந்தச் சேதுராமனுக்காகவா?"

கோகிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முதலில் அடங்கியது சிரிப்பு. "பெரியப்பா, காய்ச்சின உப்பு நீர் இனிமே ஒரு சொட்டு இல்ல. கடலுக்குப் போய்க் கொண்டுவந்து காய்ச்ச நேரம் இல்ல. தட்டு குறையறதுக்கும் ஒரு நாள் வேணும். மொரிதா துவான் இப்ப வந்திடுவார்."

"ஒரு சொட்டு போதும் என்றால்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எங்கள் அப்பாவுடையது. "ஒரு சொட்டு... கொல்லையில இருக்கிற துத்தநாகத் தகடு வெயில்ல சுடுது. எல்லாத்துலயும் ஒரு சொட்டு வெச்சா, கண்ணு முன்னாலேயே காயும். ஆனா அந்த ஒரு சொட்டுக்கு உப்பு?"

நான் ஒரு கரண்டியையும் வெற்றிலைத் தட்டையும் எடுத்துக்கொண்டு முச்சந்திக்கு நடந்தேன்.

"அண்ணே, அதைத் தொடாதீங்க! கழிச்சது!" கமலவேணியின் குரல் தெருமுனை வரை வந்தது.

சிமெண்டுப் பலகையின் முன் மண்டியிட்டேன். வெள்ளைக் கோட்டு, சரிகை வேட்டி, கையில் கரண்டி. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒரு மாட்டுவண்டிக்காரர் மாட்டையும் நிறுத்திப் பார்த்தார்.

"ஐயா, நான் சுரண்டறேன். நீங்க நிழல் குடுங்க" என்றான் காதர் மைதீன். அவன் குரலில் அப்போது கேலி இல்லை.

"எங்கள் வீட்டுக் கண். நான்தான் எடுக்க வேண்டும்."

"சேதுராமன் கண்ணும் கொஞ்சம் சேர்ந்து வரும். மொளகாயை மட்டும் விட்டுடுங்க."

கைப்பிடி உப்பும் அதே அளவு மண்ணும் தேறின. கோகிலா அதைக் கொஞ்சம் நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டினாள். சாம்பல் நிறம் போய்த் தெளிந்தது. கார் வந்து நின்றது.

மொரிதாவோடு சேதுராமனும் வந்திருந்தார். தலை தாழ்த்தி வணங்கினோம். மொரிதா வெளிநாட்டில் படித்தவர். ஆங்கிலம் பேசக்கூடாது என்பது அவர்கள் போட்ட உத்தரவே ஆகையால், அவர் ஆங்கிலத்தை ரகசியம் போலத் தாழ்ந்த குரலில் பேசுவார்.

கோகிலா கோழியிறகால் நான்கு சொட்டுகளைத் தகட்டில் வைத்தாள். எல்லோரும் குனிந்தோம். கிணற்று நீர் ஓரத்திலிருந்து சுருங்கி, மூச்சு விடுவதற்குள் காணாமல் போனது. கடல் நீர் அடுத்து. கெட்டி உப்பு நீர் பிடிவாதமாக உட்கார்ந்திருந்து, மெல்ல மெல்லச் சுருங்கி, கடைசியில் வெள்ளைப் பொட்டாக நின்றது. குலா மலாக்கா நகரவே இல்லை. ஓர் எறும்பு மட்டும் வந்து பார்த்துவிட்டுச் சூட்டில் திரும்பிப் போனது.

மொரிதா அவளையே மறுபடி வைக்கச் சொன்னார். பிறகு தம் கையாலேயே வைத்தார். மூன்று முறையும் ஒன்றுதான்.

நிமிர்ந்தார். "அப்படியானால் அன்றைக்குத் தட்டு ஏன் பொய் சொன்னது? யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார்?"

என்னைப் பார்த்துக் கேட்டார். சேதுராமன் முகத்தில் ரத்தம் இல்லை. தட்டு கெட்ட ஒவ்வொரு முறையும் தாம் வந்து போயிருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவர் பெயரைச் சொன்னால் போதும். குமாஸ்தா சொல்வதா, என் நரைத்த தலை சொல்வதா என்றால் மொரிதா எதை நம்புவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பெயரும் தெருவில் சிரிக்காது.

முப்பது ஆண்டுகள் பிறர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்ன வாய் இது. கொலைகாரன் சொன்னதையும் மாற்றியதில்லை.

"என் தங்கை" என்றேன். உப்பு, மிளகாய், முச்சந்தி, கண் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மண்டியிட்டுச் சுரண்டியதையும் சொன்னேன். என் வேட்டி முழங்காலில் இருந்த மண்ணை அவர் பார்த்தார்.

கணேசமூர்த்தி கதவோரம் நின்றிருந்தான். எனக்கு அவன் மூச்சுச் சத்தம் கேட்டது.

"எங்கள் வீட்டில்" என்றார் மொரிதா, இன்னும் தாழ்ந்த குரலில், "அம்மா வாசலின் இரண்டு பக்கமும் உப்பைக் குவித்து வைப்பார். கெட்டது உள்ளே வராது என்று." பிறகு சேதுராமன் பக்கம் திரும்பினார், குரல் பழைய குரலாயிற்று. "பெண்ணின் பெயரை எழுது. அவள் தம்பியின் பெயரையும் எழுது. பட்டியலில் அடித்துவிடச் சொல். பாத்திகளுக்கு மண் வெட்ட இன்னும் ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்துக்கு உன் அக்காள் மகனை அனுப்பு."

எழுதியவர் சேதுராமன்தான். பேனா இரண்டு முறை நழுவியது. காதர் மைதீன் குனிந்து எடுத்துக்கொடுத்தான்.

காரில் ஏறுமுன் மொரிதா கோகிலாவைத் திரும்பிப் பார்த்தார். "இந்த நாட்டுக்கு வந்த பிறகு இவளைப் போல ஒரு மூளையை நான் பார்க்கவில்லை" என்றார்.

கார் போனது. கமலவேணி வாசலுக்கு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. கிண்ணத்தில் மீதி உப்பு நீர் மேசை மேல் இருந்தது. கோகிலா என்னைப் பார்த்தாள். காதர் மைதீன் ஆகாயத்தைப் பார்த்தான்.

"அண்ணே, தொரை போறப்ப பிள்ளைய என்னமோ சொன்னாரே, என்ன?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஏதோ சுமாராக இருக்கிறாள் என்றார்."

"சுமாரா? நம்ம பிள்ளையா?" கமலவேணி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "உப்பு காய்ச்சறவனுக்கு என்ன தெரியும்!" என்று சொல்லிவிட்டு, கணேசமூர்த்தியின் மூட்டையை அவிழ்க்க உள்ளே போனாள்.